துணிக்கடை மச்சானுக்குக் கவ்வாத்துக் கத்தி விஷயமாக

786

பதுளை, கடைவீதி.
ஜெர்மன் சண்டை இன்னும் ஓயாத வருஷம், சனிக்கிழமை.

பண்டாரவளையில் ஜவுளிக்கடை வைத்துக் கண்ணியமாக வாழும் என் அன்பு மச்சான் ஜுனைதீன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஸித்தி ஸுபைதாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதுளையில் இரும்புக்கடை நடத்தும் அஸீஸ் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. ரஹ்மானின் கிருபையால் நானும் ஸுபைதாவும் இங்கே சுகம். என் துருக்கித் தொப்பி மட்டும் சுகமில்லை. அதற்குக் குஞ்சம் போய்விட்டது, விவரம் கீழே வரும். நீங்களும் மதினி ஸவாஹிராவும் நோய்நொடி இல்லாமல், கடையில் பூச்சி அரிக்காத துணியும் கடன் சொல்லாத ஆட்களுமாக இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் துஆ கேட்கிறோம்.

நிற்க. பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து சாமான் ஏற்றிவரும் மாட்டுவண்டியில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. பதுளையில் மச்சான் கத்தி செய்து பேர் எடுத்துவிட்டாராம், நானும் கடைக்குப் பின்னால் ஓர் உலை போடப்போகிறேன், கத்தி வேலையில் என்னென்ன கோளாறு வரும், எதற்கு என்ன பரிகாரம் என்று விவரமாக எழுதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். மச்சான், நீங்கள் கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கத்திக்கு வரக்கூடிய கோளாறுகளில் என் வீட்டு வாசலை மிதிக்காதது ஒன்றுகூட இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு உலை போடும் எண்ணம் உங்களுக்கு இருக்காது என்பது என் நம்பிக்கை.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. தெமோதரைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருக்கும் தம்பையாவை உங்களுக்குத் தெரியும்தானே. கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு, மழையோ வெயிலோ இல்லாவிட்டாலும் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து நடப்பாரே, அவர்தான். தேயிலைச் செடியை வெட்டி ஒழுங்குபண்ணும் கவ்வாத்துக் காலம் நெருங்குகிறது, கத்தி வேண்டும் என்று வந்தார். என்னிடம் ஏது கத்தி? சண்டை தொடங்கியது முதல் சீமைக் கத்தி வருவது நின்றுவிட்டது. கப்பல் வந்தால் அதில் கத்தி இல்லை, கத்தி ஏற்றிய கப்பல் வந்துசேரவில்லை என்று கொழும்பு ஏஜெண்டுமார் எழுதுகிறார்கள். நான் கையை விரித்தேன். கங்காணிக்குப் பின்னால் மொக்கையன் என்ற கவ்வாத்துக்காரன் கையில் துணிச்சுற்றோடு நின்றான். பழைய கத்தியைத் தீட்டித் தீட்டி அது நகம் போலத் தேய்ந்து, கிளையில் சறுக்கி, அவன் மணிக்கட்டிலேயே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் அவன் பெண்சாதி பெரியாயி. அவளுக்கு வாயைத் திறக்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

“பேருதான் மொக்கையன்னு வச்சாங்கன்னா, கையில குடுத்த கத்தியும் மொக்கைங்க மொதலாளி. இன்னொரு தடவ சறுக்குனா கையே போயிரும். கை போனவனுக்குக் காலையில பெரட்டுல ஏதுங்க பேரு?”

காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறார்களே, அந்தப் பெரட்டில் பேர் இல்லையென்றால் அவர்கள் குடியிருக்கும் லயத்தில் அடுப்பு இல்லை என்று அர்த்தம். அந்தத் துணிச்சுற்றில் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. செய்தது மனதுக்கு, ஆனால் பேசியது வாய். “கத்திதானே? சீமையில மட்டும் கத்தி வானத்துல இருந்தா விழுகுது? கவ்வாத்துத் தொடங்குறதுக்குள்ள நானே செஞ்சு தாரேன்!” என்றேன். கடைவீதி முழுக்கக் கேட்கும்படி என்றேன் என்பது பிறகுதான் உறைத்தது. அஸர் தொழுகைக்குப் போவதற்குள் எதிர்க்கடை, பக்கத்துக்கடை, தேத்தண்ணிக்கடை எல்லாவற்றிலும் நான் கொல்லன் ஆகிவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் உங்கள் தங்கை, “நீங்க கத்தி விக்கிற ஆள். மீன் விக்கிற மனிசன் எல்லாம் கடலுக்க நீந்துவாரா?” என்று ஒரே கேள்வி. 

ஆள் தேடினேன். அகப்பட்டவன் ரெங்கசாமி. தோட்டத்துத் துரைமாரின் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன். குதிரைகள் சண்டைக்குப் போய்விட்டதால் கை சும்மா இருந்தது, வாய் மட்டும் சும்மா இல்லை. “கத்தியா? நம்ம கையில பழுக்காத இரும்பு இருக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே துருத்தியோடு வந்து இறங்கினான். விறகுக் கொட்டகையில் உலை போட்டோம். ரயில் பாதை வேலையில் மிஞ்சிய தண்டவாளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பட்டடைக்கல் ஆக்கினோம். இரும்புக்கு எங்கே போவது என்று யோசிக்கையில் கொட்டகை மூலையில் பீப்பாய் வளையங்கள் கிடந்தன. இரும்பு என்றால் எல்லாம் இரும்புதானே என்று நினைத்தேன் மச்சான். நானே இரும்பு வியாபாரி, நானே அப்படி நினைத்தேன். காய்ச்சினோம், அடித்தோம், தீட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கொஞ்சம் லாடத்தின் சாயலில் வளைந்திருந்தது தவிர. கொய்யாக் கிளையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். கிளை அப்படியே நின்றது. கத்தி மட்டும் மரியாதை தெரிந்த பிள்ளை மாதிரி முதுகை வளைத்துக் கிளைக்கு ஸலாம் சொல்லியது. ரெங்கசாமி அதைக் கையில் எடுத்து, வைத்தியர் நாடி பார்ப்பது போலப் பார்த்து, “செத்துப்போச்சுங்க. நம்ம கையில கோளாறு இல்லீங்க, அமாவாசைக்கு முந்தின நாளு பாருங்க” என்றான். இந்த ஆளிடம் இது ஒரு பழக்கம். எந்தக் கத்தி கெட்டாலும் அதற்கு ஒரு மரண காரணம் சொல்வான். அவன் கை மட்டும் அந்தக் காரணத்தில் வராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குச் சந்திரனே கோணல். உண்மையான காரணம் என்னவென்றால், வளைய இரும்பு பச்சை இரும்பு, அதைத் தண்ணீரில் தோய்த்தாலும் சரி, பன்னீரில் தோய்த்தாலும் சரி, கெட்டிப்படாது. உருக்குத்தான் வேண்டும். நல்ல உருக்கா என்று அறிய சாணையில் பிடித்துப் பொறியைப் பாருங்கள். பச்சை இரும்பின் பொறி நீளமாக ஓடிச் சும்மா அணைந்துவிடும், உருக்கின் பொறி பூப்போல வெடிக்கும். இதையும் ரெங்கசாமிதான் சொன்னான், கத்தி செத்த பிறகு.

உருக்குக்காகப் பதுளை முழுக்க அலைந்து, ஒரு டாக்டருடைய குதிரை வண்டியின் முறிந்த வில்லை வாங்கிவந்தேன். வண்டியைத் தாங்குகிற வில்லுத் தகடு, நல்ல உருக்கு. பொறி பூப்பூவாக வெடித்தது. ரெங்கசாமி சந்தோஷத்தில் துருத்தியை அப்படி ஊதினான், இரும்பு வெள்ளையாகிப் பொரிகிற மத்தாப்பு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை சூட்டில் உருக்குக் கருகிப்போகும், பிறகு அடித்தால் பழைய சீனிக்கட்டி மாதிரி உதிரும். உதிர்ந்தது. அடுத்ததைப் பழுத்த கோப்பிப்பழச் சிவப்போடு நிறுத்தினோம், உதிரவில்லை. இனித் தோய்ச்சல். காய்ந்த கத்தியைச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்குவதற்குத்தான் தோய்ச்சல் என்று பேர். “தண்ணி குளிரக் குளிர கத்தி கெட்டிங்க” என்று சொல்லிப் பதுளை ஓயா ஆற்றிலிருந்து விடியற்காலைத் தண்ணீரைத்தான் கொண்டுவர வேண்டும் என்றான். கொண்டுவந்தோம். கத்தியை உள்ளே விட்டான். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பல்லி சொன்ன மாதிரிச் சின்னச் சத்தம்தான். துடைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கோ ஒரே மகிழ்ச்சி. கடைக்குச் சாமான் வாங்க வந்த பெரியாயியின் கையில் பெருமையாகக் கொடுத்தேன். அவள் சந்தையில் பானை வாங்குகிறவள் போல விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஓட்டைப் பானைச் சத்தம் வருதுங்களே மொதலாளி?”

“அது கத்தி பெரியாயி, பானை இல்ல.”

“பானையோ கத்தியோ, ஓட்டைக்கு ஒரே சத்தந்தாங்க.”

கரியைத் தடவித் துடைத்துப் பார்த்தோம். மயிரிழை போல ஒரு கீறல், முதுகிலிருந்து வெட்டுகிற வாய் வரைக்கும். அந்தக் கத்தி மொக்கையன் கையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அப்போதே அதை இரண்டாக முறித்துப் போட்டேன். ஆகவே மச்சான், தோய்த்த கத்தியைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், காதால் கேளுங்கள். நல்ல கத்தி ‘ணங்’ என்று பாடும்.

அத்தனை குளிர்ந்த தண்ணீர்தான் கோளாறு, எண்ணெயில் தோய்த்தால் மெதுவாகக் குளிரும், பிளக்காது என்று நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். எண்ணெய்க்கு நான் யோசிக்கவில்லை. அது ஸுபைதாவின் குசினியில் டின்னோடு இருந்தது. மச்சான், இதை எழுதும்போது உங்கள் தங்கை பக்கத்தில் இல்லை என்பதால் எழுதுகிறேன்: பழுத்த கத்தியைத் தேங்காயெண்ணெயில் விடும்போது முகத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது. ரெங்கசாமி கத்தியை விட்டான், நான் குனிந்தேன், எண்ணெய் எழுந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு நெருப்பு. அல்லாஹ் காப்பாற்றினான், முகம் தப்பியது; தொப்பியின் குஞ்சம் மட்டும் திரி மாதிரிப் பற்றிக்கொண்டது. நான் கொட்டகையைச் சுற்றி ஓட, ரெங்கசாமி “தொப்பியக் கழட்டுங்க, தொப்பியக் கழட்டுங்க” என்று பின்னால் ஓட, கடைசியில் ஸுபைதா அரிசி களைந்த தண்ணீரைத் தலையில் ஊற்றி அணைத்தாள். அணைத்துவிட்டுத்தான் கேட்டாள், “என்ட எண்ணெ டின் எங்க?” என்று.  அந்த எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று அன்று பின்னேரம் அதிலேயே பலகாரம் சுட்டு என் முன்னால் வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பாமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பலகாரத்திலும் லாட வாடை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஊரே என் முகத்தைப் பார்க்காமல் என் தலையைப் பார்த்து ஸலாம் சொன்னது.

இத்தனை பாடுபட்ட கத்தி பிளக்கவில்லை, ஆனால் வாழைக்காய் மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. படுக்கவைத்து எண்ணெயில் போட்டதால் ஒரு கன்னம் முந்தியும் மறு கன்னம் பிந்தியும் குளிர்ந்து இழுத்துக்கொண்டது. இதற்குப் பரிகாரம், நுனி கீழே பார்க்க நேராக இறக்குவது, உள்ளே விட்டபின் பக்கவாட்டில் ஆட்டாமல் இருப்பது. அப்படியும் கொஞ்சம் வளைந்தால் சூடு ஆறுமுன் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்குவது. ஆறியபிறகு சம்மட்டியால் நிமிர்த்தலாம் என்று ரெங்கசாமி நினைத்தான். இரண்டு கத்தி கிடைத்தது, இரண்டும் அரைக் கத்தி.

கவ்வாத்துக் காலமோ கிட்ட வந்துவிட்டது. தம்பையா ஆளனுப்பிக் கேட்டார். மொக்கையனின் புண் ஆறிவிட்டது, கத்தி இல்லாமல் நிற்கிறான், பழைய கத்தியையே எடுக்கப்போகிறான் என்று சொல்லியனுப்பினார். மறுபடி தோய்த்தோம். இந்த முறை நேராக வந்தது, தட்டினால் பாடியது, அரத்தால் உரசினால் அரம் கண்ணாடியில் போல வழுக்கியது. இதைவிடக் கெட்டியான கத்தி உலகத்தில் இல்லை என்று கொய்யாக் கிளையில் போட்டேன். கிளை வெட்டுப்பட்டது. கத்தியின் வாயைப் பார்த்தால், பால்பல் விழுந்த பிள்ளை சிரிப்பது போல அங்கங்கே பொக்கை. கெட்டி மிஞ்சிப்போனால் கத்தி கண்ணாடிதான். “கோபத்துல இருக்குதுங்க. ஆறப்போட்டா சரியாயிரும்” என்றான் ரெங்கசாமி. ஆறப்போட்டால் சரியாகாது. ஆனால் அவன் சொன்னதில் பாதி சரி, அதற்குக் கோபம்தான். அதை எப்படித் தணிப்பது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

தெரிந்த விதத்தைக் கேளுங்கள். அடுத்த கத்தியைத் தோய்த்து, தீட்டிப் பளபளப்பாக்கி, தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஸுபைதா பெரிய சட்டியில் மணலைச் சூடாக்கிக் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். கிண்டிய அகப்பை கருகிக் காம்பு உடைந்தது. கைக்கு எட்டினது என் கத்தி. பிடி போடாத வால் பக்கத்தைத் துணியால் பிடித்து, அதாலேயே கச்சானைக் கிண்டத் தொடங்கினாள். நான் “அல்லாஹ்வே!” என்றேன். “கத்தியால ஒரு வேலையாவது நடக்கட்டும்” என்றாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மா பின்வாசலில் வந்து கூப்பிட, கத்தியை மணலுக்குள் குத்தி நிறுத்திவிட்டுப் போனாள். ரஹ்மத்தும்மாவின் பேச்சு எப்போது முடியும் என்பது உங்களுக்கும் தெரியும். புகை வாசனை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் கச்சான் எல்லாம் கரி. கத்தியை உருவினேன். மச்சான், வெள்ளையாய் இருந்த கத்தி பொன்னும் பழுப்புமாய், நன்றாகச் சுட்ட ரொட்டியின் நிறத்தில், முதுகு முதல் வாய் வரைக்கும் ஒரே சீராக ஜொலித்தது. கொய்யாவில் வெட்டினேன். வெட்டினேன், வெட்டினேன், பொக்கையும் இல்லை, மடங்கலும் இல்லை. ரெங்கசாமி அதை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, “பதம் வந்துருச்சுங்க!” என்று அழுதேவிட்டான். நான் குசினிக்குள் ஆடினேன். ஸுபைதா கரிந்த கச்சான் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் சிரித்துவிட்டாள். கெட்டித்த கத்தியை இப்படி இளஞ்சூட்டில் வைத்தால்தான் கோபம் தணியும். முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, பிறகு நீலம். கவ்வாத்துக் கத்திக்குப் பழுப்பில் எடுத்துவிட வேண்டும். நீலம் வரை விட்டால் பழையபடி ஸலாம் போடும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. வெட்டின அதே பச்சைக் கொய்யாக் கிளையிலேயே பிடி செய்து போட்டேன். அழகான பிடி. அடுப்புப் பக்கம் தொங்கவிட்டிருந்ததில் பச்சை மரம் காய்ந்து சுருங்கி, உள்ளே ஓட்டை பெரிதாகி, கத்தியின் வால் ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. வண்டி கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கவ்வாத்து மலையில் ஆட்கள் எல்லோரும் நிற்கிறார்கள், தம்பையா குடை விரித்து நிற்கிறார், மொக்கையன் கை நீட்டுகிறான். கொடுத்திருக்கலாம். “முதல் வெட்டு நான்தான் வெட்டுவேன்” என்று கோட்டுக் கையை மடித்துவிட்டு ஓங்கினேன். பிடி என் கையில் இருந்தது. கத்தி இல்லை. எங்கே என்று எல்லோரும் தேடுகையில் தம்பையா மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். குடையில் ஒரு ஜன்னல். அதன் வழியாக ஆகாயம்.

“மொதலாளி, மழைக்கும் வெயிலுக்குந்தான் கொடை பிடிச்சேன். கத்திக்கும் பிடிக்கணும்னு நீங்க சொல்லலையே?”

மலை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.   ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். “உங்க நல்ல மனசு போதுங்க. கத்தி வேணாம். கடைக்குப் போயிட்டு வாங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.  வந்து உலையில் தண்ணீர் ஊற்றினேன். கேலி பேச ஓடிவந்த ஸுபைதா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தாள். கேலி பண்ணாத ஸுபைதாவைப் பார்த்ததும்தான் என் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கே விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மொக்கையனும் பெரியாயியும் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவன் கையில் வாழைச்சருகில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் அந்தக் கத்தி.

“கொடையத் தாண்டிப் போயி சவுக்கு மரத்துல குத்தி நின்னுச்சுங்க. ரெண்டு பேரு ஆட்டித்தான் புடுங்குனோம். பாருங்க, மொன மழுங்கல, வாயில பல்லு விழல” என்றான் மொக்கையன். சட்டென்று முன்கையில் கத்தியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தான்; மயிர் சிரைத்துக்கொண்டு வந்தது. “கத்தியில குத்தமில்லீங்க மொதலாளி. பிடிதாங்க சரியில்ல.”

“கத்திய ஒரு தடவ எறிஞ்சு பாத்தாச்சு, இனிமே வெட்டிப் பாக்க வேணாமா?” என்றாள் பெரியாயி.

மச்சான், பள்ளிவாசலில் பெருநாள் அன்று முஸாபஹா செய்வது போல அந்த மனிதனின் கையை நான் பிடித்துக்கொண்டேன். உலை அன்றைக்கே மறுபடி எரிந்தது. இந்த முறை நன்றாகக் காய்ந்த பழைய பலா மரத்தில் பிடி; வாய்ப்பக்கம் பிளக்காமலிருக்கத் துரைமார் வேட்டையில் சுட்டுப் போட்ட தோட்டாவின் பித்தளைக் குப்பியை அறுத்துப் பூண்; உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி, வாலைச் சூடாக்கி இறக்கினோம். வாலைச் சூடாக்கும்போது கத்தியின் வாயில் ஈரத்துணி சுற்றினோம், இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் பதத்தோடு போய்விடும். ரெங்கசாமி சாணையில் தண்ணீர் விடாமல் அவசரமாகத் தீட்டியதில் இரண்டு கத்தி நீலமாகிச் செத்தன. “சாணைக்குத் தாகம்ங்க” என்றான். மழைநாளில் எண்ணெய் தடவாமல் வைத்துச் சில துருப்பிடித்தன. சாம்பலால் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசினோம், இப்போது ஸுபைதா எண்ணெய் டின்னில் பூட்டுப் போட்டிருக்கிறாள், கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கவ்வாத்துத் தொடங்கிய அன்று மறுபடி மலைக்குப் போனேன். இந்த முறை கைகட்டி நின்றேன். மொக்கையன் கத்தியை வாங்கிப் பிடியை ஒரு குலுக்குக் குலுக்கினான், ஆடவில்லை. செடியின் முன் குனிந்து கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. பட்டை கிழியவில்லை, கட்டை பிளக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்த மாதிரி வழவழவென்று சாய்ந்த வெட்டு. அடுத்த செடி. அடுத்த செடி. அவன் ஒரு வரிசை முடித்து நிமிர்ந்தபோது பக்கத்து வரிசைக்காரர்கள் பாதியில் கூட இல்லை. “எங்களுக்கும் குடுங்க மொதலாளி” என்று எல்லோரும் கையை நீட்டினார்கள். தம்பையா ஒரு வெட்டைக் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். நான் புதுக்குடை ஒன்று கொண்டுபோயிருந்தேன், நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். இப்போது தோட்டத்துக்கு யார் வந்தாலும் அந்த ஓட்டைக் குடையை விரித்து, “இது கத்தி போன வழிங்க” என்று காட்டுகிறாராம்.

அந்தத் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் கத்தி கொடுத்து முடித்தாயிற்று. பெரியாயி நேற்று வந்து, புருஷன் பேர் பெரட்டில் முதல் பேராக வருகிறது என்று சொல்லி ஒரு சுரைக்காயைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். இதோடு போதும். உலையை அணைத்துவிட்டேன். கொட்டகையில் மறுபடி விறகு அடுக்கியாயிற்று. ரெங்கசாமியிடம், சண்டை முடிந்து குதிரை வரும், போய் லாடம் அடி என்று சொல்லிவிட்டேன். நீங்களும் என் பேச்சைக் கேளுங்கள் மச்சான். உங்களுக்கு அல்லாஹ் அருமையான துணிக்கடையைக் கொடுத்திருக்கிறான். துணி தண்ணீரில் போட்டால் பிளக்காது, எண்ணெயில் போட்டால் வளையாது, பிடியை விட்டுப் பறந்து கங்காணியின் குடையில் போய்க் குத்தாது. மதினியின் குசினியில் நிம்மதி இருக்கட்டும். கத்தி வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கும் மதினிக்கும் நீண்ட ஆயுளையும், நெருப்பில்லாத நாட்களையும், முழுக்குஞ்சத்தோடு கூடிய தொப்பியையும் ரப்புல் ஆலமீன் தருவானாக. ஸுபைதா தன் நானாவாகிய உங்களுக்கும் மதினிக்கும் ஸலாம் சொல்லச் சொன்னாள். இக்கடிதத்தில் எண்ணெய் பற்றி எழுதியிருக்கிறேனா என்று கேட்டாள், இல்லை என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
அஸீஸ்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் வாசலில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பசறைப் பக்கத்துத் தோட்டங்களின் கங்காணிமார் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் கவ்வாத்து ஒரே நேரத்தில், எல்லோருக்கும் கத்தி வேண்டுமாம், பதுளைக் கத்திதான் வேண்டுமாம். ஒருவரின் ஆளுக்குத் தொடையில் வெட்டு. நான் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்; உள்ளேயிருந்து ஸுபைதா, “செய்வார், செய்வார், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க” என்று எனக்கு முந்திச் சொல்லிவிட்டாள். விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டாயிற்று. ஓர் உலை இத்தனை பேருக்குக் காணாது. ஆகையால் மச்சான், நீங்கள் கடைக்குப் பின்னால் உடனே உலை போடவும். இந்தக் கடிதம் வரும் வண்டியிலேயே ரெங்கசாமி துருத்தியோடு வருகிறான். உங்கள் உலையை மூட்டித் தந்துவிட்டுத் திரும்புவான். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிவிட்டான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. வேண்டாம் என்று எழுதின இதையே கீழிருந்து மேலாக வாசித்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.